பொருக்கோடு சேர்ந்து முடியும் வந்துவிட்டது, நட்டதெல்லாம் போச்சா?

தூக்கமில்லா இரவு

வணக்கம். எனக்கு முடி நட்டு இன்று ஆறாம் நாள். பிடரியிலிருந்து மயிர்க்கால்களைத் தனித்தனியாக எடுத்து நடும் எஃப்.யூ.இ. முறை. முன்நெற்றியிலும் நடுத்தலையிலும் சேர்த்து 2,400 கிராஃப்ட். முதல் இரண்டு நாள் மருத்துவமனையிலேயே தலை கழுவி விட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து வீட்டில் நானே கழுவ வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் கழுவவில்லை. பயம். கை வைத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும் என்று வெறும் சலைன் (உப்புநீர்) ஸ்பிரே மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை மனதைத் தேற்றிக்கொண்டு ஒரு குவளையால் தண்ணீர் ஊற்றினேன். தோளில் போட்டிருந்த துண்டில் பார்த்தால் மூன்று பொருக்கு. இரண்டில் முடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து கண்ணாடி முன்னாலேயே நிற்கிறேன்.

அந்த இரண்டும் போனதுதானா? மற்றதும் போகுமா? பொருக்கு இப்போது தடித்து மரப்பட்டை மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?

மாடிப்படி

ரத்தம் வந்ததா?

தூக்கமில்லா இரவு

இல்லை. ஒரு சொட்டுகூட இல்லை. வலியும் இல்லை. ஆனால் அங்கே தோல் மரத்துப்போய்தான் இருக்கிறது, வலித்தாலும் தெரியுமா என்று தெரியவில்லை.

பழைய வழுக்கை

தம்பி, முதலில் கண்ணாடியை விட்டு நகருங்கள். எனக்கு இரண்டு தடவை நடந்திருக்கிறது. முதல் தடவை நானும் துண்டில் கிடந்ததை எண்ணி எண்ணிப் பைத்தியமானவன்தான்.

மாடிப்படி கேட்டதுதான் சரியான கேள்வி. கிராஃப்ட் என்பது வெறும் முடி இல்லை. ஒன்றிலிருந்து நான்கு முடி வரை முளைக்கும் சின்னத் திசுத்துண்டு அது. தோலுக்குள் ஏறக்குறைய 4, 5 மில்லிமீட்டர் ஆழத்தில் அதன் குமிழ் உட்கார்ந்திருக்கிறது. அது பெயர்ந்து வந்தால் உயிருள்ள ஒரு துண்டு வெளியே வருகிறது என்று அர்த்தம். அந்தக் குழியிலிருந்து ரத்தம் எட்டிப் பார்க்காமல் இருக்காது. கையில் எடுத்துப் பார்த்தாலும் வெளுத்த அல்லது லேசாகச் சிவந்த சதை முடியைச் சுற்றி நீளவாக்கில் ஒட்டியிருக்கும். நீங்கள் பார்த்தது மேலே காய்ந்த ரத்தமும் நிணநீரும் சேர்ந்த பொருக்கு. அதில் மாட்டியிருந்த முடித்தண்டு அதோடு வந்திருக்கிறது. தண்டு போனால் போகட்டும், எப்படியும் சில வாரத்தில் அது உதிரப்போகிறதுதான். மயிர்க்கால் உள்ளே இருக்கிறது.

இதை யாரோ சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெர்ன்ஸ்டைன், ராஸ்மன் என்ற இரண்டு மருத்துவர்கள் 2006இல் இதையே சோதித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். நட்ட முடியை இழுத்தால் எத்தனை நாள் வரை கிராஃப்ட் பெயர்கிறது, பொருக்கைப் பிடித்து இழுத்தால் எத்தனை நாள் வரை பெயர்கிறது என்று நாள்வாரியாகப் பார்த்தார்கள். முதல் இரண்டு நாளில் முடியை இழுத்தாலே வந்துவிட்டது. ஆறாம் நாளுக்குப் பிறகு முடியை இழுத்து கிராஃப்ட் வரவில்லை. பொருக்கை இழுத்தால்தான் வில்லங்கம். ஐந்தாம் நாள் வரை ஒட்டியிருக்கும் பொருக்கை இழுத்தபோதெல்லாம் கிராஃப்டும் சேர்ந்து வந்தது. எட்டாம் நாள் வரை அந்த ஆபத்து குறைந்துகொண்டே போனது. ஒன்பதாம் நாள் எதை இழுத்தாலும் வரவில்லை.

உங்களுக்கு இதில் இரண்டு சேதி இருக்கிறது. நீங்கள் இழுக்கவில்லை, தண்ணீர்தான் ஊற்றினீர்கள், ரத்தமும் இல்லை. ஆகவே நல்லது. அப்புறம், பொருக்கு தடித்து உட்கார்ந்துவிட்டது என்கிறீர்களே, அது அவ்வளவு நல்லதில்லை. காய்ந்து கெட்டியான பொருக்கு ஒரு கைப்பிடி மாதிரி. தலையணையில் உரசினாலும் சட்டையில் மாட்டினாலும் அதுதான் முதலில் இழுபடும். பயந்து கழுவாமல் விட்டதால் ஆபத்தைக் கூட்டித்தான் இருக்கிறீர்கள்.

வாதத்துக்காக அந்த இரண்டும் போய்விட்டதென்றே வைத்துக்கொள்வோம். 2,400இல் இரண்டு. யார் கண்ணுக்கும் தெரியாது.

கல்தூண்

நான் வேறு மாதிரி செய்தேன். பத்து நாள் தலையில் தண்ணீரே படவிடவில்லை. என் நண்பன் அப்படித்தான் சொன்னான். பதினோராம் நாள் ஊறவைத்து ஒரே தேய். எனக்கு முடி நன்றாகவே வந்திருக்கிறது. அவசரப்பட்டுக் கழுவிக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

பஞ்சும் கத்தரியும்

நான் இந்தச் சிகிச்சை செய்யும் இடத்தில் ஒன்பது வருடமாக டிரஸ்ஸிங் பார்க்கும் செவிலியர். முதல் தலைக்கழுவல் பெரும்பாலும் என் கையில்தான் நடக்கும். கல்தூண் சாருக்கு நன்றாக வந்ததில் சந்தோஷம், ஆனால் அந்த வழியை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பத்து நாள் கழுவாத தலையோடு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்ப்பசை, வியர்வை, காய்ந்த ரத்தம் எல்லாம் சேர்ந்து ஓடு மாதிரி படிந்திருக்கும். ஒரு சிலருக்கு அடியில் சீழும் பிடித்திருக்கும். அதை ஊறவைத்து எடுக்க மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குள் அவர்களே நகத்தால் சுரண்டியிருப்பார்கள், அரிப்பு தாங்காமல்.

தூக்கமில்லா இரவு, உங்கள் மருத்துவரின் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முதல். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கும். இடையில் மூன்று நாள் விட்டுவிட்டதை அவர்களிடம் போன் செய்து சொல்லிவிடுங்கள். திட்டமாட்டார்கள், நாங்கள் தினமும் கேட்கிற சங்கதிதான். பொதுவாக நாங்கள் சொல்லிக் கொடுக்கும் முறை இது.

கழுவுவதற்கு முன்னால் நன்றாக நனையவிட வேண்டும். சலைனை ஸ்பிரே செய்து பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். மருத்துவமனையில் நுரையோ லோஷனோ கொடுத்திருந்தால் அதைத் தலையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள். ஊறுவதுதான் வேலையைச் செய்கிறது, விரல் இல்லை. அப்புறம் மணமில்லாத மிதமான ஷாம்புவைக் கையில் ஊற்றி, தண்ணீர் விட்டுத் தனியாக நுரையாக்குங்கள். அந்த நுரையை நட்ட இடத்தின் மேல் எடுத்து வையுங்கள். தேய்க்க வேண்டாம். விரல் நுனியின் சதைப்பகுதியால் ஒத்தி ஒத்தி எடுங்கள். மாவு கையில் ஒட்டுகிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த அழுத்தம் போதும். பிறகு குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர், மேலேயிருந்து மெல்ல. ஷவரை நேராகத் திறந்து அதன் அடியில் நிற்பது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வெந்நீரும் கூடாது. துடைப்பதற்குத் துண்டைப் பிடரியில் மட்டும் ஒற்றுங்கள். நட்ட இடம் காற்றில் தானே காயட்டும்.

எட்டாம், ஒன்பதாம் நாளிலிருந்து அதே விரல் சதையால் சின்னச் சின்ன வட்டமாக நகர்த்தலாம். நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதலாக. பத்து, பன்னிரண்டு நாளில் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். நகம் மட்டும் எந்த நாளிலும் படக்கூடாது. முதல் வேலையாக நகத்தை வெட்டிவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன், தூக்கத்தில் சொறிகிறவர்கள் நிறையப் பேர்.

கல்தூண்

சிஸ்டர் சொன்னால் சரி. எனக்கு அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்கிறேன். நான் சுரண்டியதும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டேன்.

நீலக்குடை

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு மூன்றாம் நாள். நேற்று வரை எல்லாம் சரியாக இருந்தது. இன்று எழுந்தால் நெற்றி முழுக்க வீங்கி மூக்குத் தண்டு வரைக்கும் இறங்கிவிட்டது. ஒரு கண் பாதிதான் திறக்கிறது. என் மகள் பார்த்துவிட்டு அழுதாள். இது என்ன அலர்ஜியா?

பஞ்சும் கத்தரியும்

அலர்ஜி என்றால் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் என்று வரும். அப்படி ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனை. இல்லையென்றால் இது வழக்கமான வீக்கம். சிகிச்சையின்போது மரத்துப்போக ஊசி போட்டதோடு, தோலை உப்பவைக்க நிறைய திரவமும் ஏற்றினார்கள் இல்லையா? அந்தத் தண்ணீர் எங்கேயாவது வடிந்தாக வேண்டும். புவியீர்ப்பு அதை நெற்றிக்கும் கண்ணுக்கும் இறக்குகிறது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை உச்சத்தில் இருக்கும். அப்புறம் கன்னம் வழியாக இறங்கி ஒரு வாரத்துக்குள் காணாமல் போகும். சிலருக்குக் கண்ணைச் சுற்றிக் கன்றிப்போன நிறமும் வரும். நட்ட முடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

முதுகுக்குப் பின்னால் தலையணை அடுக்கி 45 டிகிரி சாய்வாகத் தூங்குங்கள், குப்புறப் படுக்காதீர்கள். குனிந்து வேலை செய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் ஒத்தடம் வைக்கலாம், ஆனால் துணியில் சுற்றி, புருவத்துக்கு மேல் நெற்றியில் மட்டும், சில நிமிடம். நட்ட இடத்தில் ஐஸ் வைக்கவே கூடாது. அங்கே ரத்த ஓட்டம் குறைவது ஒரு பக்கம், உணர்ச்சி இல்லாததால் தோல் பொசுங்கினாலும் உங்களுக்குத் தெரியாது.

கூரை ஓடு

தோல் பொசுங்குவது பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். நான் பெண். வகிடு அகன்றுகொண்டே போனதால் செய்துகொண்டேன். முழுத்தலையும் மழிக்கவில்லை, பிடரியில் ஒரு பட்டை மட்டும் மழித்து எடுத்தார்கள், மேல்முடி அதை மூடிக்கொண்டது. வெளியே யாருக்கும் தெரியாது என்பது நல்ல விஷயம். சங்கடம் என்னவென்றால் நீள முடிக்கு நடுவே இருக்கும் பொருக்கைக் கழுவுவது பெரிய வேலை. முடி சிக்கு விழும். சீப்பைப் போட்டால் பொருக்கில் மாட்டும்.

ஐந்தாவது வாரம், எல்லாம் ஆறிவிட்டது என்ற தைரியத்தில் ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்து உலர்த்தினேன். சுடவே இல்லை. மறுநாள் உச்சியில் நாணயம் அளவுக்குச் சிவந்து கொப்புளம். அந்த இடம் இன்னும் மரத்துப்போய் இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. தோல் நிபுணர் மருந்து கொடுத்தார், ஆறிவிட்டது. ஆனால் அதில் நான்கைந்து முடி திரும்ப வரவே இல்லை. நட்டபோது ஒன்றுகூடப் போகாமல் காப்பாற்றி, அப்புறம் நானே சுட்டேன்.

தொட்டால் உணர்ச்சி முழுதாகத் திரும்ப எனக்கு நான்கு மாதம் ஆனது. நடுவில் எறும்பு ஊர்வது போல, ஊசி குத்துவது போலவெல்லாம் இருந்தது. அது நரம்பு திரும்பி வளர்வதன் அறிகுறியாம். அதுவரை டிரையர் போட்டே ஆக வேண்டுமென்றால் குளிர்ந்த காற்று மட்டும் போடுங்கள்.

தூக்கமில்லா இரவு

ஏழாம் நாள். சிஸ்டர் சொன்னபடி நுரை வைத்து அரை மணி நேரம் உட்கார்ந்தேன். மருத்துவமனையிலும் பேசிவிட்டேன், ஏறக்குறைய இதையேதான் சொன்னார்கள். கை நடுங்கியது, ஆனால் கழுவினேன். முப்பது நாற்பது பொருக்கு வந்திருக்கும். எண்ணவில்லை என்று சொல்ல ஆசை, எண்ணினேன். ரத்தம் இல்லை. அரிப்பு மட்டும் உயிரை வாங்குகிறது.

மாடிப்படி

அரிப்புக்கு முதல் மருந்து ஈரம். காய்ந்தால்தான் அதிகம் அரிக்கும். ஸ்பிரேயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தாங்க முடியாவிட்டால் அரிப்பு மாத்திரை ஒன்று இரவில் போடலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எனக்குக் கொடுத்தார்கள், தூக்கமும் வந்தது.

என் கதை வேறு. எனக்கு எஃப்.யூ.டி. பிடரியில் ஒரு பட்டையாகத் தோலை எடுத்துத் தைத்துவிட்டார்கள். நீங்களெல்லாம் நட்ட இடத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு முழுத் தொல்லையும் பின்னால்தான். குனிந்தால் இழுக்கும், கொட்டாவி விட்டாலும் இழுப்பதுபோல் இருக்கும். பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தார்கள். பிரித்ததும் வேலை முடிந்தது என்று நினைத்து மூன்றாவது வாரமே உடற்பயிற்சிக்குப் போனேன். எடை தூக்கும்போது கழுத்துத் தசை இறுகும் இல்லையா? தழும்பு அகன்றுவிட்டது. இன்று முடியை ஒட்ட வெட்டினால் பின்னால் வெள்ளைக் கோடு தெரிகிறது. எஃப்.யூ.டி. செய்தவர்கள் கழுத்தை முன்னால் வளைக்கும் எதையும், எடை தூக்குவதையும், மருத்துவர் சொல்கிறவரை தள்ளிப்போடுங்கள். வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்வார்கள், காத்திருங்கள்.

எஃப்.யூ.இ.யில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் தனித்தனிப் புள்ளியாக எடுப்பதால் பின்பக்கம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். பொறாமையாக இருக்கிறது.

அரைக்கை சட்டை

சிகரெட் பற்றி யாரும் பேசவில்லையே. ஒரு நாளைக்கு ஒன்றுதான். அதனால் என்ன ஆகிவிடும்?

பழைய வழுக்கை

நட்ட கிராஃப்டுக்கு முதல் சில நாள் சொந்த ரத்தக்குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவில் கசியும் நீரிலிருந்துதான் ஆக்சிஜனை உறிஞ்சி உயிர் வாழ்கிறது. அதற்குள் புதுக் குழாய்கள் வந்து இணைய வேண்டும். நிக்கோடின் ரத்தக்குழாயைச் சுருக்குகிறது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தம் சுமக்கும் ஆக்சிஜனைக் குறைக்கிறது. பட்டினி கிடக்கிறவன் தட்டிலிருந்தே எடுத்துச் சாப்பிடுவது மாதிரி. ஒன்றா பத்தா என்று பேரம் பேசாதீர்கள்.

பஞ்சும் கத்தரியும்

இதோடு ஒன்று சேர்க்கிறேன், பயமுறுத்த இல்லை. அரிதாக நட்ட இடத்தின் நடுவில் தோல் கருநீலமாகி, பிறகு கருப்பாகி, கெட்டியான பொருக்காக உட்காரும். அது சாதாரணப் பொருக்கு இல்லை, ரத்தம் போகாமல் தோலே செத்துக்கொண்டிருக்கிறது. புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஒரே இடத்தில் மிக நெருக்கமாக நட்டவர்கள், முன்பே தழும்பு உள்ள இடத்தில் நட்டவர்கள், இவர்களுக்கு ஆபத்து அதிகம். நிறம் மாறுகிற அன்றே காட்ட வேண்டும். சிவப்பு பரவிக்கொண்டே போவது, சீழ், காய்ச்சல், நாளாக ஆகக் கூடும் வலி, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் இவையும் அப்படித்தான். இணையத்தில் படம் போட்டுக் கருத்துக் கேட்கிற விஷயம் இல்லை இது.

ரத்தம் என்று வந்ததால் சொல்கிறேன்: எங்காவது இடித்து லேசாகக் கசிந்தால் சுத்தமான காஸ் துணியை வைத்துப் பத்து நிமிடம் அசையாமல் அழுத்துங்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் தூக்கிப் பார்த்தால் நிற்காது. வலிக்கு ஆஸ்பிரினைத் தானாக எடுக்காதீர்கள், ரத்தம் கசிவதைக் கூட்டும். இதயத்துக்காக ஏற்கெனவே எடுப்பவர்கள் அதை நிறுத்துவதும் தொடர்வதும் மருத்துவர் சொல்படிதான்.

அரைக்கை சட்டை

சரி. பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டேன். எத்தனை நாளுக்கு என்று மட்டும் கேட்காதீர்கள்.

தூக்கமில்லா இரவு

பன்னிரண்டாம் நாள். பொருக்கு முழுக்கப் போய்விட்டது! தோல் இளஞ்சிவப்பாக, குழந்தைத் தலை மாதிரி இருக்கிறது. குட்டையாக வெட்டிய முடி வரிசையாக நிற்கிறது. இந்த இரண்டு வாரத்தில் முதல் தடவையாகப் பக்கவாட்டில் படுத்துத் தூங்கினேன்.

மொட்டை வெயிலில் போகலாமா, ஹெல்மெட் போடலாமா, முடி வளரத் தலையில் தடவிவந்து நிறுத்திவைத்த மினாக்சிடில் மருந்தைத் தொடங்கலாமா? மூன்றுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய வழுக்கை

வெயில்: வேண்டாம். புதுத்தோல் சீக்கிரம் கருத்துத் திட்டுத்திட்டாக நிற்கும். லூசான துணித் தொப்பியோ குடையோ சில மாதம் கூடவே இருக்கட்டும். தலையில் சன்ஸ்கிரீன் போடுவதை ஒரு மாதம் கழித்து யோசிக்கலாம்.

ஹெல்மெட்: உள்பஞ்சு நட்ட இடத்தில் இறுக்கி உரசுவதுதான் பிரச்சினை. எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் அனுமதித்தார்கள். அதுவரை வண்டியே ஓட்டவில்லை. ஹெல்மெட் இல்லாமல் ஓட்டலாமே என்று நினைக்காதீர்கள், மண்டை இருந்தால்தானே முடி.

மினாக்சிடில்: புண் மூடிய பிறகு, மருத்துவர் சொன்ன நாளில். சாதாரணத் திரவத்தில் ஆல்கஹாலும் புரோப்பிலீன் கிளைக்காலும் இருக்கும், ஆறாத தோலில் பட்டால் எரியும், சிவக்கும். நுரை வடிவில் வருவதில் அந்தக் கிளைக்கால் இல்லை, எனக்கு அதுதான் ஒத்துக்கொண்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை ஏதாவது இருந்தால் முடி வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். நட்டது நிற்கும், நடாத பழைய முடி அதுபாட்டுக்கு மெலிந்துகொண்டுதான் போகும். என் இரண்டாவது தடவைக்குக் காரணமே அதுதான்.

நீச்சல் ஒரு மாதம் கழித்து. சாயம் அடிப்பது அதற்கும் பிறகு.

தூக்கமில்லா இரவு

ஐந்தாவது வாரம். கொட்டுகிறது. குளிக்கும்போது, தலையணையில், மேசையில், எங்கே பார்த்தாலும் குட்டை முடி. முன்வரிசையில் பாதி காலி. உதிரும் என்று முன்பே எழுதியிருந்தீர்கள், படித்தேன், தெரியும். இருந்தாலும் பார்க்கும்போது வயிறு கலங்குகிறது. பக்கத்தில் பழைய முடியும் கொஞ்சம் மெலிந்த மாதிரி தெரிகிறது. சிகிச்சைக்கு முன்பைவிட மோசமாக இருக்கிறேன்.

பழைய வழுக்கை

ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் பள்ளத்தாக்கு இது. பிடுங்கி நட்ட அதிர்ச்சியில் மயிர்க்கால் ஓய்வுக்குப் போய்விடுகிறது. தண்டை உதறிவிட்டுத் தூங்குகிறது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரத்துக்குள் நடக்கும். பக்கத்தில் இருக்கும் பழைய முடியும் அதே அதிர்ச்சியில் கொஞ்சம் உதிரலாம், பெரும்பாலும் திரும்பிவிடும். மூன்று, நான்கு மாதத்தில் பூனைமுடி மாதிரி மெல்லிசாகத் தலைகாட்டும், சிலருக்குச் சுருள்சுருளாகக்கூட வரும். ஆறு மாதத்தில்தான் கண்ணாடி பார்க்கப் பிடிக்கும். முழு அடர்த்திக்கு ஒரு வருடம். உச்சிச் சுழி இன்னும் சோம்பேறி, ஒன்றரை வருடம் வரை எடுத்துக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த ஒரு பழைய செய்தி. நியூயார்க்கில் நார்மன் ஒரென்ட்ரைக் என்ற தோல் மருத்துவர் 1950களில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கினார். பிடரி முடியை எங்கே கொண்டுபோய் நட்டாலும் அது பிடரியின் குணத்தோடுதான் வளரும், வழுக்கை விழும் இடத்தின் குணத்தை எடுத்துக்கொள்ளாது என்பதை 1959இல் எழுதினார். இந்தத் தொழில் மொத்தமும் அந்த ஒரு உண்மையின் மேல்தான் நிற்கிறது. கொட்டிய தண்டைப் பார்க்காதீர்கள், உள்ளே இருப்பது பிடரியிலிருந்து வந்த ஆள்.

கூரை ஓடு

வாரம் ஒரு படம், ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் எடுத்து வையுங்கள். ஆனால் மாதத்துக்கு ஒரு முறைதான் திறந்து பார்க்க வேண்டும். எனக்கு இது பெரிய உதவி. தினமும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கவலைதான் தெரியும்.

தூக்கமில்லா இரவு

பதினைந்தாவது வாரம். குட்டி முடி வருகிறது, தடவினால் சொரசொரப்பு. கூடவே ஏழெட்டுப் பரு, சிலதில் வெள்ளை முனை. பழக்கதோஷத்தில் ஒன்றைப் பிதுக்கிவிட்டேன். உள்ளே சுருண்டு ஒரு முடி இருந்தது.

பஞ்சும் கத்தரியும்

இனிமேல் பிதுக்காதீர்கள். புதுமுடி தோலைத் துளைத்து வெளியே வரும்போது வழி தவறி உள்ளேயே வளைந்தால் அந்த இடம் பருவாகும். இரண்டிலிருந்து நான்காம் மாதத்துக்குள் இது சகஜம், ஒரு வகையில் முடி கிளம்பிவிட்டது என்பதற்கான அடையாளமும்கூட. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியைத் தினம் இரண்டு மூன்று தடவை பத்து நிமிடம் வையுங்கள். கூரை ஓடு அக்கா கதையை மறக்காமல், துணியின் சூட்டை முதலில் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் தானே உடைந்து ஆறும். நாளுக்கு நாள் கூடினால், பெரிதாகி வலித்தால், கூட்டமாக வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தடவுவதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுப்பார்.

தூக்கமில்லா இரவு

நன்றி சிஸ்டர். ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. அது நான் பிதுக்கியது.

வெள்ளிக்கிழமை

இழை முழுவதும் படித்துவிட்டேன், எனக்கு அடுத்த வாரம் சிகிச்சை. பொத்தான் வைத்த சட்டை, சாய்வான தலையணை, நகவெட்டி எல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லாத ஒன்று: நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவன். கழற்றினால் எதிரில் இருப்பது யார் என்றே தெரியாது. போடலாமா?

மாடிப்படி

நானும் கண்ணாடிக்காரன்தான். நட்ட இடத்துக்கு அதனால் ஒன்றுமில்லை, காம்பு அங்கே போவதில்லை. காதுக்கு மேலே பக்கவாட்டிலிருந்தும் முடி எடுத்திருந்தால் அங்கே காம்பு உரசி எரியும். முதல் நான்கைந்து நாள் காம்புக்கும் தோலுக்கும் நடுவே சின்னக் காஸ் துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். போடும்போதும் கழற்றும்போதும் இரண்டு கையாலும் நேராக முன்பக்கமிருந்து. தலைக்கு மேலே தூக்கி நெற்றியில் மாட்டிக்கொள்ளும் பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை

இருக்கிறது. இதை எழுதும்போதுகூட நெற்றியில்தான் இருந்தது.